மாடி வீட்டுச் சாவியும் மூன்றாம் ரியாக்டரும்

"மாடி போர்ஷன் காலியா இருக்கு சார். எங்க லேப்ல இருக்கறவரு கேக்கறாரு. குடுக்கலாமா?" என்று போன மாதம் ஒரு போன் வந்தது. கேட்டவர் என்னிடம் வேலை பழகி, இன்று ஷிஃப்ட் இன்சார்ஜாக இருப்பவர். நான் ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம் ஆகிறது. பம்ப் ஓடவில்லை, பிரஷர் ஏறுகிறது என்று கேட்டு வரும் போன்கள் குறைந்துவிட்டன. வாடகை விஷயமாக வரும் போன்கள் மட்டும் குறையவில்லை. இதில் நான் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவன் என்பது முதுநகரிலிருந்து குடிகாடு வரை எல்லாருக்கும் தெரியும்.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அவரு கையெழுத்து போட்ட காகிதத்துல நீயும் கையெழுத்து போடுவியா?"

"தெனம் போடறேன் சார். அவரு ரிசல்ட் குடுத்தாதான் நான் பேட்ச்ச எறக்கவே முடியும்."

"அப்ப குடுக்காத."

"ரொம்ப நல்ல மனுசன் சார்."

"நல்ல மனுசனா இருக்கறதாலதான் குடுக்காதன்றேன்."

அவருக்குச் சமாதானம் ஆகவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. போனில் சொல்லி முடிகிற கதையும் இல்லை இது. அதனால் எழுதிவிடுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். குடிகாட்டுப் பக்கம் வரிசையாக நிற்கிற கெமிக்கல் பிளான்ட்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கூட வேலை செய்பவருக்கு வீடு கொடுப்பது பாவம் என்று நான் சொல்லவில்லை. கேன்டீன் கான்ட்ராக்டருக்குக் கொடுங்கள். அக்கவுன்ட்ஸ் ஆளுக்குக் கொடுங்கள். வாடகை தாமதம் ஆகும், தண்ணீர் மோட்டாருக்குச் சண்டை வரும், அதெல்லாம் யாருக்குக் கொடுத்தாலும் வருவதுதான். என் பேச்சு வேறு மாதிரியான ஆட்களைப் பற்றியது.

சிதம்பரத்தில் டிப்ளமோ முடித்துவிட்டுப் பிளான்ட்டில் சேர்ந்தேன். முதல் வருஷம் முழுக்கக் கையில் சாக்பீஸை வைத்துக்கொண்டு எந்தக் குழாய் எங்கே போகிறது என்று பின்னாலேயே நடந்தேன். இரண்டு வருஷம் ஆபரேட்டர், பிறகு சீனியர், பிறகு ஷிஃப்ட் இன்சார்ஜ். ஷிஃப்ட் இன்சார்ஜ் என்றால் அந்த எட்டு மணி நேரத்துக்குப் பிளான்ட்டுக்கு அவர்தான் ராஜா. ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன், ஆபரேட்டர் யாருக்கு லீவு வேண்டுமென்றாலும் அவர் கை வழியாகத்தான் போகும். பிளான்ட்டுக்குள் யாரும் ஒரு நட்டைத் தொடவேண்டுமென்றால்கூட அவர் கையெழுத்துப் போட்ட பெர்மிட் வேண்டும்.

முதுநகரில் வீடு கட்டி முடித்த வருஷம்தான் ஃபிட்டர் குணசேகரன் எங்கள் பிளான்ட்டுக்கு வந்தான். கீரப்பாளையத்துக்காரன். என் மனைவி மங்கையும் கீரப்பாளையம்தான். அவன் பெண்டாட்டி செல்வியையும் மூன்று வயசுக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வீடு பார்க்க வந்த அன்றைக்கே மங்கையும் அவனும் பேசிப் பேசி, எந்தத் தெரு, யார் வீட்டுப் பக்கம் என்று ஒரு உறவைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மங்கை அவனுக்கு அக்கா ஆகிவிட்டாள். அக்கா புருஷன் நான் மாமா. எனக்கு அவன் மச்சான். பிளான்ட் கேட்டுக்குள் மட்டும் சார்.

மாடியை அவனுக்கே வாடகைக்கு விட்டேன். ஆறு வருஷம் நல்லபடியாகத்தான் இருந்தோம். ரொம்ப நல்லபடியாக இருந்தோம், அதுதான் வினை. ஒரு நாள் அவன் காய்ச்சல் என்று லீவு சொல்லியிருந்தான். மத்தியானம் மாடியிலிருந்து கறிக்குழம்பு வாசனை. கொஞ்ச நேரத்தில் செல்வி ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தாள். நானும் சாப்பிட்டேன், நன்றாகவே இருந்தது. மறுநாள் அவன் லீவு லெட்டரில் 'உடல்நலக் குறைவு, சிபாரிசு செய்யப்படுகிறது' என்று எழுதிக் கொடுத்தேன். இதை வெட்கத்தோடு சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொல்கிறேன். ஆனால் அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. அவர்கள் குடும்பத்தோடு வெளியே போனால் மாடிச் சாவியைக் கீழே மங்கையிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். எங்கள் பக்கத்தில் எல்லாக் குடித்தனக்காரர்களும் செய்வதுதான். தண்ணீர் வரும், கேஸ்காரன் வருவான், ஒரு சாவி வீட்டுக்காரர்களிடம் இருக்கட்டும் என்று. சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் இருந்த ஆணியில் மங்கை அதை மாட்டி வைப்பாள்.

இனி பூட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், விஷயமே இதில்தான் இருக்கிறது.

ரியாக்டர் என்பது இரண்டு மாடி உயரத்துக்கு நிற்கும் பெரிய இரும்பு அண்டா. உள்ளே ஒரு கலக்கி சுற்றும், ஒவ்வொரு இறக்கையும் ஆள் உயரம். அதைச் சுத்தம் செய்ய உள்ளே ஆள் இறங்கவேண்டும். ஆள் உள்ளே இருக்கும்போது யாராவது சுவிட்சைப் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதனால் கரண்ட் ரூமில் அந்தக் கலக்கியின் சுவிட்சை அணைத்து, அதன் மேல் பூட்டுப் போடுவார்கள். சிவப்புப் பூட்டு. அதில் ஆளின் பெயர் இருக்கும். வேலை கொடுக்கும் முதல் நாளே பூட்டைக் கொடுத்து, அதனோடு வரும் டூப்ளிகேட் சாவியை அவர் கண் எதிரிலேயே வெட்டிப் போட்டுவிடுவார்கள். ஒரு பூட்டு, ஒரு சாவி, ஒரு ஆள். போட்டவன்தான் எடுக்கவேண்டும்.

போட்டவன் மறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால்? அதற்கும் முறை இருக்கிறது. முதலில் அவனுக்குப் போன் செய்து கூப்பிடவேண்டும். அவன் வரமுடியாவிட்டால் ஷிஃப்ட் இன்சார்ஜ் நேரில் போய் ரியாக்டருக்குள் எட்டிப் பார்க்கவேண்டும். பெர்மிட்டுகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் புரட்டவேண்டும். பிறகு ஒரு படிவம், மூன்று கையெழுத்து, அதில் கடைசிக் கையெழுத்து பிளான்ட் மேனேஜருடையது. அதற்கப்புறம்தான் கட்டரால் பூட்டை வெட்டலாம்.

எங்கள் மேனேஜர் ஆரோக்கியசாமி சார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. தப்பு நடந்தால் ரூமுக்குக் கூப்பிடமாட்டார். தப்பு நடந்த இடத்துக்கு நம்மையும் கூட்டிக்கொண்டு போவார். "நீங்க எங்க நின்னீங்க? அங்கயே நில்லுங்க" என்பார். நாம் எழுதிய காகிதத்தை எழுத்து விடாமல் நமக்கே படித்துக் காட்டுவார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, கர்சீப்பால் துடைத்துக்கொண்டே கேட்பார்: "இத நீங்க பாத்தீங்களா, கேட்டீங்களா?" பார்த்தேன் என்றால் ஒரு மாதிரி, கேட்டேன் என்றால் வேறு மாதிரி. பொய் சொன்னவர்கள் யாரும் அந்தக் கண்ணாடியை அவர் திரும்ப மாட்டும் வரைக்கும் தாக்குப்பிடித்ததில்லை.

அன்றைக்கு எனக்கு இரண்டாம் ஷிஃப்ட், மத்தியானம் இரண்டு மணிக்கு ஆரம்பம். காலை ஷிஃப்ட்காரர் கிளம்புகிற அவசரத்தில், "மூணாம் ரியாக்டர் ரெடி, குணா சீல் மாத்தி முடிச்சிட்டான்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். சீல் என்றால் கலக்கித் தண்டில் கசிவைத் தடுக்கும் வளையம்; அந்த வேலைக்கான குணாவின் பெர்மிட் முடித்துக் கையெழுத்தாகி இருந்தது. ஆனால் கரண்ட் ரூமில் அவன் சிவப்புப் பூட்டு அப்படியே தொங்கியது. நாலு மணிக்குள் பேட்ச் போடவேண்டும், இல்லையென்றால் முதல் ரியாக்டரில் தயாராக இருக்கும் சரக்கு வீணாகும். குணாவுக்குப் போன் செய்தேன். சுவிட்ச் ஆஃப். சிதம்பரத்தில் மச்சினிச்சிக்கு வளைகாப்பு, ஷிஃப்ட் முடிந்ததும் நேராகப் பஸ் ஏறுவதாக முந்தின நாளே சொல்லியிருந்தான். மேனேஜர் கலெக்டர் ஆபீஸில் மீட்டிங். படிவம் கிடிவம் என்று போனால் சாயங்காலம் ஆகிவிடும்.

அப்போதுதான் ஆணி ஞாபகம் வந்தது. குணா பூட்டுச் சாவியையும் வீட்டுச் சாவியையும் ஒரே வளையத்தில்தான் போட்டு வைத்திருப்பான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று மங்கைக்குப் போன் செய்தேன்.

"மச்சான் சாவி ஆணியில இருக்கா?"

"இருக்கு. தம்பி பஸ் ஸ்டாண்டுல இருந்து செல்விகிட்ட குடுத்து அனுப்பிச்சிருந்துது. அவ ஓடிவந்து குடுத்துட்டு இப்பதான் அங்க திரும்பிப் போனா. ஏன்?"

"ஸ்கூட்டர எடுத்துக்கிட்டு கேட்டுக்குக் கொண்டா."

"தம்பிகிட்ட கேட்டீங்களா?"

"எல்லாம் கேட்டாச்சு."

கேட்கவில்லை. மங்கை இருபது நிமிஷத்தில் வந்துவிட்டாள். கேட்டில் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள். நான் கரண்ட் ரூமுக்குப் போனேன். எலெக்ட்ரீஷியன், "குணா வந்துட்டானா சார்?" என்றான். "சாவி குடுத்து அனுப்பிட்டான்" என்றேன். பூட்டைத் திறந்தேன். எலெக்ட்ரீஷியன் சுவிட்சைப் போட்டான். இனி மேலே பட்டனை அமுக்கினால் கலக்கி சுற்றும்.

ரியாக்டருக்கு மேலே ஏறிப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். சோம்பேறித்தனம் இல்லை, முட்டி அப்போது நன்றாகத்தான் இருந்தது. அந்தச் சாவி என் வீட்டுச் சமையலறையிலிருந்து வந்தது. அதைக் கையில் பிடித்தபோது மச்சானே பக்கத்தில் நின்று, திறங்க மாமா என்று சொன்ன மாதிரி இருந்தது. வேறு எந்த ஃபிட்டரின் பூட்டாக இருந்தாலும் நூறு சந்தேகம் வந்திருக்கும். இவனிடம் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

மேலே இருந்த ஆபரேட்டர் தங்கராசுவுக்கு வாக்கி டாக்கியில் சொன்னேன். "மூணு ரெடி. கலக்கிய ஒரு சுத்து விட்டுப் பாரு."

ரியாக்டருக்குப் பக்கத்திலேயே ஸ்டார்ட் பட்டன் இருக்கும்.  கொஞ்ச நேரம் கழித்து தங்கராசுவின் குரல் வந்தது.

"சார். உள்ள ஆளு இருக்கு."

படி ஏறினேனா தாவினேனா தெரியாது. கான்ட்ராக்ட் ஆட்கள் இரண்டு பேர் அடியில் ஒட்டியதைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். மேலே ரியாக்டர் வாயருகே காவல் நிற்கவேண்டியவன் தண்ணீர் குடிக்கப் போயிருந்தான். உள்ளே இருந்தவர்களில் ஒருவனான குடிகாட்டுக் கலியமூர்த்தி வியர்வையோடு நிமிர்ந்து பார்த்து, சிரித்துக்கொண்டே கேட்டான்: "இன்னா சார், டீ வந்துடுச்சா?"

 கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தங்கராசு பட்டனில் விரல் வைக்கும் முன் உள்ளே எட்டிப் பார்க்கும் பழக்கம் உள்ளவன். அந்தப் பழக்கம் இரண்டு உயிரைக் காப்பாற்றியது. என் டிப்ளமோவும் என் அனுபவமும் காப்பாற்றவில்லை.

பிறகுதான் எல்லாம் தெரிந்தது. அந்தக் காலத்தில் கான்ட்ராக்ட் ஆட்களுக்குத் தனிப் பூட்டு கிடையாது. சீல் வேலை முடிந்ததும் இவர்கள் இறங்குவதாக இருந்ததால், குணா தன் பூட்டை வேண்டுமென்றேதான் விட்டுப் போயிருக்கிறான். நம்ம பூட்டு சுவிட்ச் மேலே, சாவி நம்மகிட்ட, யாரும் தொடமுடியாது என்று கணக்கு. காலை ஷிஃப்ட்காரரிடம் வாயால் சொல்லியும் இருக்கிறான். அவர் எனக்குச் சொல்ல மறந்தார். சுத்தம் செய்யும் பெர்மிட்டின் நகல் என் பலகையில் வேறொரு காகிதத்துக்குப் பின்னால் சொருகிக் கிடந்தது. அவ்வளவு அக்கறையுள்ள குணா பஸ் ஸ்டாண்டில் நின்று, பழக்க தோஷத்தில், சாவி வளையத்தை அப்படியே வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்தனுப்பிவிட்டான்.

மறுநாள் காலையில் அவன் சிதம்பரத்திலிருந்து வந்து மாடிக்குக்கூடப் போகாமல் என் எதிரில் வந்து நின்றான். தங்கராசு போனில் சொல்லியிருக்கிறான். அடுத்த மாதம் குணாவுக்கு பெர்மனென்ட் ஆர்டர் வரவேண்டும். ஆறு வருஷமாக அதற்குத்தான் காத்திருந்தான். எனக்கும் டெபுடி மேனேஜர் பட்டியலில் பேர் இருந்தது.

"மாமா, நான் ஒண்ணு சொல்றேன் கேளுங்க. சாவிய பிளான்ட்லயே மேசைல மறந்து வச்சிட்டுப் போயிட்டேன்னு எழுதிக் குடுத்துடறேன். நீங்க அத எடுத்துத் தொறந்தீங்க. அவ்ளோதான்."

"டேய், பூட்டு ஒரு எடம் சாவி ஒரு எடம்னு விட்டா நேரா வீட்டுக்கு அனுப்பிடுவாங்கடா."

"எனக்கு வார்னிங் குடுப்பாங்க மாமா. உங்களுக்கு அப்படி இல்ல. நீங்க பெரிய எடத்துக்குப் போறவரு. நாளைக்கு நீங்க என்னைப் பாத்துக்க மாட்டீங்களா?"

உண்மையைச் சொல்கிறேன், நான் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு நிமிஷம் கணக்குப் போட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. அவன் வேறு யார் வீட்டிலாவது குடியிருந்தால் இப்படி வந்து நின்றிருப்பானா? என் மாடியில் இருப்பதாலேயே அவன் வேலையை என் காலடியில் கொண்டுவந்து வைத்தான். எடுத்துக்கொள்ள என் கையும் நீண்டது.

சமையலறையிலிருந்து மங்கை வந்தாள். என்னைப் பார்த்துத்தான் பேசினாள். "கேட்டு புத்தகத்துல என் கையெழுத்து இருக்கு. எதுக்கு வந்தேன்னு கேட்டா நான் பொய் சொல்லமாட்டேன். கேட்டாச்சுன்னு நீங்க என்கிட்ட சொன்னதயும் சொல்லிடுவேன்."

அவள் அவ்வளவு கோபமாகப் பேசி நான் பார்த்ததில்லை. குணாவை மாடிக்குப் போகச் சொல்லிவிட்டு, உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். ஆணி, வளையம், ஸ்கூட்டர், எலெக்ட்ரீஷியனிடம் சொன்ன பொய், ஒன்றையும் விடவில்லை.

ஆரோக்கியசாமி சார் என்னைக் கரண்ட் ரூமில் அதே இடத்தில் நிற்கவைத்து, நான் எழுதியதை எனக்கே படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"உள்ள ஆள் இல்லன்னு நீங்க பாத்தீங்களா, கேட்டீங்களா?"

"ரெண்டும் இல்ல சார். நம்பினேன்."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு சொன்னார்: "வீடு உங்க சொந்த விஷயம். நான் தலையிட மாட்டேன். ஆனா ஒரே வீட்ல இருக்கற ரெண்டு பேரு என் பிளான்ட்ல ஒரே பெர்மிட்ல கையெழுத்து போடக்கூடாது. அவரு வேற யூனிட்டுக்குப் போகட்டும், இல்ல வேற வீட்டுக்குப் போகட்டும்."

எனக்கு ஒரு வருஷம் ஷிஃப்ட் இல்லை. புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கப் போட்டார்கள். டெபுடி மேனேஜர் பட்டியலில் என் பேர் அத்தோடு போனது, திரும்ப வரவில்லை. எனக்கு வேண்டியதுதான். காலை ஷிஃப்ட்காரருக்கும் காவல் விட்டுப் போனவனுக்கும் மெமோ. குணாவுக்கு எச்சரிக்கைக் கடிதம். அந்த மாதத்திலிருந்து கான்ட்ராக்ட் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் சிவப்புப் பூட்டு வந்தது.

குணா வேறு யூனிட்டுக்குப் போனால் அங்கே ஃபிட்டருக்கு நிரந்தர இடம் இல்லை. அதனால் வீட்டைத்தான் விடவேண்டும். அதைச் சொல்ல நானே மாடி ஏறினேன். அவன் பெண் அப்போது பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாவது, நடு வருஷம். செல்வி அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள். குணா என்னையே பார்த்தான்.

"தொறந்தது நீங்க மாமா. வீட்ட காலி பண்றது நானா?"

 நாலு தெரு தள்ளி ஒரு வீடு பார்த்து வைத்தேன். அவன் அதைப் போய்ப் பார்க்கக்கூட இல்லை. தானே வேறு ஒன்றைத் தேடிக்கொண்டு, அந்த மாசக் கடைசியிலேயே போய்விட்டான். மங்கையிடம் மட்டும் சொல்லிக்கொண்டான். மூன்று மாசம் தாமதமாக அவனுக்கு பெர்மனென்ட் ஆர்டர் வந்தது. அவன் சொன்னபடி பொய்யை எழுதியிருந்தால் அது வந்தே இருக்காது என்று ஆரோக்கியசாமி சார் பிறகு என்னிடம் சொன்னார். அதை நான் குணாவிடம் சொல்லவில்லை. நான் சொல்லி அவன் ஆறுதல் அடைகிற நிலைமையில் நாங்கள் இல்லை.

நான் செய்தது சரிதான். அவனைக் காலி செய்யச் சொன்னதும் சரிதான். முதலில் வீடு கொடுத்ததுதான் தப்பு. ஆறு வருஷம் கழித்து அவன் குடும்பத்தைக் கிளப்பிவிட்டதைவிட, ஆறு வருஷம் முன்பே வாசலில் வைத்து, "மச்சான், உனக்கு வீடு இல்லடா" என்று சொல்லியிருந்தால் அவனுக்கு ஒரு நாள் கோபத்தோடு போயிருக்கும். இதைத்தான் போனில் கேட்கிற எல்லாரிடமும் சொல்கிறேன்.

திரும்ப ஷிஃப்டுக்கு வந்த பிறகு முதல் பெர்மிட்டே குணாவுடையதுதான். ரியாக்டர் வேலை. காகிதத்தை என் மேசையில் வைத்தான். நான் பேனாவை எடுத்தேன்.

"சார், மேல வந்து பாத்துட்டு போடுங்க."

ஏறினேன். அவன் பக்கத்தில் நின்றுகொண்டு, நான் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்கும் வரை காத்திருந்தான். அதற்கப்புறம் பத்து வருஷம், வெயிலோ மழையோ, ஒரு தடவைகூட மேசையிலேயே கையெழுத்துப் போட என்னை விட்டதில்லை. மற்ற ஃபிட்டர்கள் சிரிப்பார்கள், சாரைப் பழிவாங்குகிறான் என்று. முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ரிட்டயர் ஆகும் நாள் மத்தியானம் பூமாலை, பொன்னாடை எல்லாம் கன்ட்ரோல் ரூமில் தயாராக இருந்தது. மூன்று மணிக்குக் குணா ஒரு பெர்மிட்டோடு வந்து நின்றான். என் இரண்டு முட்டியும் அதற்குள் போய்விட்டிருந்தன.

"இன்னிக்காவது விடேன் மச்சான். முட்டி வலிக்குது" என்றேன்.

அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். "மெதுவா வாங்க சார். நான் நிக்கறேன்."

அறுபத்து மூன்று படி. நடுவில் இரண்டு இடத்தில் நின்றேன். அவனும் இரண்டு படி கீழே நின்றான். மேலே போய், மூடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து எட்டிப் பார்த்தேன். உள்ளே யாரும் இல்லை. டார்ச்சை வாங்கி இன்னொரு தரம் பார்த்தேன். பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.